ஒரே கை கூட்டிய வாசல்

பெரிய டீச்சர் மண்ணில் குந்தி உட்கார்ந்ததை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். காலை எட்டு மணி இருக்கும். பள்ளிக்கூட வாசலில் வேறு ஆளில்லை. சேலையை முழங்காலுக்கு நடுவில் ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். முதல் நாள் சாயங்காலம் சீமாறு இழுத்த கோடு மண்ணில் அப்படியே இருந்தது. அதை ஆள்காட்டி விரலால் தொட்டார். தொட்டபடியே நாலாம் வகுப்பு வாசலிலிருந்து எட்டாம் வகுப்பு வாசல் வரை பார்த்தார். நான் பக்கத்தில் நின்றேன். என் கால் நடுங்கியது. சேலைக்குள் நடுங்கியதால் அவருக்குத் தெரிந்திருக்காது.

அவர் எங்கள் பள்ளியின் தலைமை ஆசிரியர். பிள்ளைகள் பெரிய டீச்சர் என்பார்கள். நானும் அப்படியே. சூலூரிலிருந்து உள்ளே போகிற டவுன் பஸ்ஸில் ஏறினால் எங்கள் ஊர் வரும். எட்டாவது வரை உள்ள அரசுப் பள்ளி. சுற்றிலும் விசைத்தறி. தறிச் சத்தம் எங்கள் காதில் விழுவதே இல்லை. அது நின்றால்தான் கரண்ட் போனது தெரியும். விமானப்படை பிளேன் தாழப் பறக்கும்போது மட்டும் டீச்சர்கள் பாடத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். எனக்கு அங்கே கூட்டுகிற வேலை. கக்கூசும் நான்தான் கழுவுவேன். நிரந்தரம் இல்லை. நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அவ்வளவுதான்.

நானும் அதே பள்ளியில்தான் ஐந்தாவது வரை படித்தேன். ஐந்தாவதில் ஒரு வாத்தியார் இருந்தார். நல்லவர். யாரையும் அடிக்க மாட்டார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் தெருப் பிள்ளைகள் இரண்டு பேரை வாசல் கூட்ட அனுப்புவார். ஒரு நாள் நான் கூட்டியதைப் பார்த்துவிட்டு, “இவ நல்லாக் கூட்டறா” என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் என்னை நல்லா என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு தினமும் நான்தான். எட்டாம் வாய்ப்பாடு எனக்கு இன்றைக்கும் வராது. அதை உள்ளே சொல்லிக்கொடுத்தபோது நான் வெளியே கூட்டிக்கொண்டிருந்தேன். ஏழெட்டு எவ்வளவு என்று யாராவது கேட்டால் வேறு வேலை இருப்பதுபோல நகர்ந்துவிடுவேன். கூட்டுகிற வேலை எனக்குக் கேவலம் இல்லை. சோறு போடுகிறது. ஆனால் என் மகள் கையில் பள்ளிக்கூடத்துச் சீமாறு ஏறக்கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அப்போது அவள் அதே பள்ளியில் ஏழாவது படித்தாள். நான் கூட்டும்போது பக்கத்தில் வந்தால்கூட விரட்டிவிடுவேன்.

அந்த வருஷம் அரசாங்கம் சில ஆசிரியர்களை வெளிநாட்டுப் பள்ளிகளைப் பார்த்துவர அனுப்பியது. படிப்பில் முந்தி நிற்கிற நாடுகளில் எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்கத்தான். பெரிய டீச்சர் ஜப்பான் போனார். எனக்கு ஜப்பான் என்றால், ஊரில் பெரிய தறி ஷெட் வைத்திருக்கிற தறிக்காரருக்கு வந்து இறங்கின மெஷின்தான் தெரியும். திரும்பி வந்தவர் நிறையப் புதிதாகச் செய்தார். ஒரு டீச்சர் பாடம் நடத்தும்போது மற்ற டீச்சர்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நடத்துகிறவரைப் பார்க்கக் கூடாது, பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் பிள்ளைக்குப் புரியாமல் போகிறதோ அதை எழுதிவைத்து, அப்புறம் எல்லாரும் உட்கார்ந்து பேச வேண்டும். முதல் நாள் கணக்கு டீச்சருக்கு வேர்த்து ஊற்றியது. “பொண்ணு பாக்க வந்தாப்பல வரிசையா உக்காந்துக்கறாங்க அக்கா” என்று என்னிடம் வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். ஆனால் மூன்று மாதத்தில் அவரே மாறிப்போனார். பின்வரிசைப் பிள்ளைகளும் கை தூக்க ஆரம்பித்தார்கள். கதவோரம் கூட்டுவதுபோல நின்று நானும் பார்த்திருக்கிறேன். என்னை யாரும் அப்படி முகம் பார்த்து நடத்தியிருந்தால் என்று தோன்றும். நினைத்து என்ன ஆகப்போகிறது.

அப்புறம்தான் அந்தப் படம் போட்டார். ஹாலில் திரை கட்டி, எல்லாப் பிள்ளைகளையும் உட்காரவைத்து. ஜப்பான் பிள்ளைகள் வெள்ளை சாக்ஸ் போட்டுக்கொண்டு, ஈரத்துணியை இரண்டு கையாலும் அழுத்தி, வராண்டாவைத் துடைத்துக்கொண்டே ஓடுகிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு.

“அங்க கூட்டறதுக்குன்னு தனி ஆள் இல்லீங் கண்ணுகளா. பசங்களே கூட்டறாங்க. டீச்சரும் கூட்டறாங்க. ஹெட்மாஸ்டரும் கூட்டறாரு” என்றார் பெரிய டீச்சர்.

ஒரு பையன், “அப்ப நம்ம அக்காவுக்கு லீவா டீச்சர்?” என்றான். எல்லாத் தலையும் திரும்பியது. நான் கதவுப் பக்கம் சீமாறோடு நின்றுகொண்டிருந்தேன்.

அன்றைக்கு மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். “பயந்துபோட்டீங்களா அம்மணி? உங்க வேலைய யாரும் எடுக்க மாட்டாங்க. கக்கூஸ், தண்ணித் தொட்டி, மைதானம் உங்களுது. வகுப்பும் வகுப்பு வாசலும் பசங்களுது.”

சரிங்க டீச்சர் என்றேன். வேலை போகும் என்ற பயம் எனக்கு வந்ததுதான். வந்து, உடனே போய்விட்டது. அதற்கு அடியில் வேறொன்று இருந்தது. வகுப்பு வாசல் பசங்களுது என்றால், என் மகள் கையிலும் சீமாறு ஏறும்.

சும்மா சொல்லக்கூடாது, பெரிய டீச்சர் யோசித்துத்தான் செய்தார். எங்கள் ஊரைப் பற்றித் தெரியாதவர் இல்லை. சொந்தமாகத் தோட்டம், காடு வைத்திருக்கிற குடும்பம். யார் வாசலை யார் கூட்டுவார்கள் என்று பார்த்து வளர்ந்தவர். அதனால் முறைப் பட்டியலில் பேரே போடவில்லை. வருகைப் பதிவேட்டு எண் மட்டும். நாலாவதிலிருந்து எட்டாவது வரை, ஒரு நாளைக்கு வகுப்புக்கு ஐந்து எண். பையன், பொண்ணு எல்லாம் கலந்து. எண்ணுக்குத் தெரு கிடையாது என்றார். கடைசி மணிக்கு முன்னால் இருபது நிமிஷம். முதல் வாரம் அவரே சேலையைச் செருகிக்கொண்டு கூட்டினார். தறிக்காரர் மகளும் கூட்டினாள். அவள் என் மகள் வகுப்பு. தறிக்காரர்தான் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெரிய ஆள். கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார். எனக்குக்கூடக் கொஞ்சம் மூச்சு வந்தது.

தப்பு அதற்கப்புறம் நடந்தது. ஜப்பானில் இதற்கெல்லாம் தலைவர் உண்டாம். நன்றாகச் செய்கிற பிள்ளை மற்றவர்களுக்குக் காட்டிக்கொடுக்குமாம். இங்கேயும் ஒரு தலைவர் வேண்டும் என்று ஒரு வாரம் முழுக்கப் பார்த்தார். பிறகு காலை வழிபாட்டில் என் மகளைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார். “இவ எவ்வளவு நல்லாக் கூட்டறா பாத்தீங்களா? எல்லாரும் இவகிட்டக் கத்துக்கணும்” என்று சொல்லி, சட்டையில் ஒரு பச்சை பேட்ஜ் குத்தினார். பிள்ளைகள் கை தட்டினார்கள். நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றேன். ஐந்தாவது வாத்தியார் என்னைச் சொன்ன அதே வார்த்தை. கைதட்டல் முடிவதற்குள் பக்கெட்டை எடுத்துக்கொண்டு கக்கூஸ் பக்கம் போனேன்.

மகள் பேட்ஜைக் கழற்றவே இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தும் போட்டுக்கொண்டே இருந்தாள்.

“ம்மா, நானு லீடரு.”

“படிப்புக்கு லீடர் ஆவு கண்ணு” என்றேன்.

“இதும் படிப்புத்தான்னு பெரிய டீச்சர் சொன்னாங்க. உனக்கொன்னும் தெரியாது.”

என் வீட்டுக்காரர் ஃபவுண்டரியில் வேலை. விஷயத்தைச் சொன்னேன். “வாய வெச்சுக்கிட்டு சும்மா இரு புள்ள. புள்ள சந்தோசமா இருக்கறா. நீ போயி ஏதாச்சு சொல்லிப்போட்டு, உன்ற வேலையும் போயி, அவளையும் ஒரு மாதிரி பாக்கறதுக்கா?” என்றார். அவர் சொன்னதும் சரிதான். சும்மா இருந்தேன்.

ஒரு நாள் குழாயடியில் கேட்டேன். தறிக்காரர் மகளும் என் மகளும். நான் பக்கெட் கழுவிக்கொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியாது.

“ஏய், இன்னிக்கு எம்பட முறைய நீ பாத்துக்கடி.”

“நேத்தும் உன்றதுதான் நான் பாத்தேன்.”

“நீதான லீடரு. உனக்குத்தான நல்லா வருது. எனக்குக் கூட்டுனா இடுப்பு வலிக்குதுடி.”

“தேன்முட்டாய் தரேன்னு சொன்னியே, எங்க?”

“ரெண்டு நாளுக்கும் சேத்துத் தரேன் போ.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். சண்டை இல்லை, மிரட்டல் இல்லை. சிநேகிதிகள்தான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. யாராவது அடித்திருந்தால், ஏதாவது சொல்லித் திட்டியிருந்தால், அதைப் போய்ச் சொல்லலாம். இதை என்னவென்று சொல்வது?

மண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தண்ணீர் தெளித்துக் கூட்டின வாசலில் சீமாறு கோடு விழும். எழுத்து மாதிரிதான். ஒவ்வொரு கைக்கும் ஒரு கோடு. சிலருக்கு அழுத்தம், சிலருக்கு வளைவு, பையன்களுக்கு அங்கங்கே விட்டுப்போகும். பிள்ளைகள் கூட்டிவிட்டு வராண்டா வழியாகவே வீட்டுக்குப் போய்விடுவதால் கோடு காலை வரைக்கும் கலையாது. கேட்டைத் திறந்து முதலில் உள்ளே போகிறவள் நான். ஒரு திங்கட்கிழமை போனபோது ஏழாம் வகுப்பு வாசலில் நீளமான கோடு, முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு திருப்பல். அது என் கோடு. என்னைப் பார்த்துப் பார்த்து மகளுக்கு வந்த கோடு. சரி, அவள் வகுப்பு என்று நினைத்தேன். ஆறாம் வகுப்பு வாசலிலும் அதே திருப்பல். எட்டாம் வகுப்பு வாசலிலும். நாலாவது, ஐந்தாவது வாசலில் எங்கள் தெருவின் வேறு இரண்டு பிள்ளைகள் கை. சுவரில் பட்டியல் ஒழுங்காகத் தொங்கியது. ஒவ்வொரு எண்ணுக்கும் நேராக டிக் போட்டிருந்தது. நான் சீமாற்றைக் கீழே வைத்துவிட்டு வராண்டாப் படியில் உட்கார்ந்தேன். எப்போதிருந்து இப்படி? மூன்று வகுப்பை ஒருத்தி கூட்ட இருபது நிமிஷம் போதாது. உள்ளே என்ன சொல்லிக்கொடுத்தபோது இவள் வெளியே நின்றாள்?

அன்றைக்கே இன்னொரு செய்தி. வெள்ளிக்கிழமை கோவையிலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள், எங்கள் பள்ளியைப் பார்த்து மற்றப் பள்ளிகளிலும் இதையே செய்யப் போகிறார்கள், போட்டோ எடுப்பார்கள் என்றார்கள். தலைவி முன்னால் நின்று கூட்டிக் காட்ட வேண்டும். மகள் அன்றைக்கே ரிப்பனை இஸ்திரி போட்டு வைத்தாள். சீமாறோடு ஒரு போட்டோ. அது பேப்பரில் வரும். அப்புறம் அவள் எங்கே போனாலும், என்ன படித்தாலும், ஊருக்கு அவள் அந்தப் போட்டோதான். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை காலை பெரிய டீச்சர் கேட்டில் நுழையும்போதே போய் நின்றேன். என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்தது மறந்துவிட்டது.

“ஏனுங் டீச்சர், சித்தெ இங்க வந்து இந்த மண்ணப் பாருங்” என்றேன்.

பார்த்தார். “சுத்தமாத்தான இருக்குது அம்மணி?”

“சுத்தமாத்தானுங் இருக்குது. மூணு வாசல்லயும் ஒரே கையிங்.”

அவருக்குப் புரியவில்லை. நான் சீமாற்றை எடுத்துப் பக்கத்தில் ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினேன். அதே கோடு, அதே திருப்பல். “என்னைப் பாத்துக் கத்துக்கிட்ட எம்பட மக கையிங். நாலாவது, அஞ்சாவதுல எங்க தெருப் புள்ளைங்க ரெண்டு பேரு கையிங்” என்றேன். அப்போதுதான் அவர் குந்தி உட்கார்ந்தார். விரலால் தொட்டார். வாசல் வாசலாகப் பார்த்தார். வேலை போயிற்று என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

“பாடத்துல ஒவ்வொரு மொகமாப் பாத்தேன் அம்மணி. இத பாக்காம உட்டுப்போட்டேனே” என்றார். எழுந்திருக்க முடியவில்லை. கை கொடுத்தேன். பிடித்துக்கொண்டார்.

அன்று மகளிடமிருந்து பேட்ஜை வாங்கிவிட்டார். இனித் தலைவர் கிடையாது, முறை மாற்றிக்கொள்ளவும் கூடாது என்றார். யார் முறையோ அவர் கூட்டும் வரை அந்த வகுப்பு அப்படியே கிடக்கும். நானும் தொடக்கூடாது. மகள் வீட்டில் என்னிடம் பேசவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். “எனக்குன்னு ஒன்னு குடுத்தாங்க. அதையும் நீ புடுங்கிப்போட்ட” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். வாய்ப்பாட்டுக் கதையை அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஏழாவதில் முறை தறிக்காரர் மகளுக்கும் இன்னும் நாலு பேருக்கும். அவள் கூட்டவில்லை, அவளைப் பார்த்து மற்றவர்களும் கூட்டவில்லை. வியாழக்கிழமை தறிக்காரரே வந்துவிட்டார்.

“டீச்சருங், எம்பட பொண்ணு ஊட்டுலயே சீமாறு தொட்டதில்லீங். ஊர்ல நாலு பேரு என்ன பேசுவாங்க?”

“நானும் தொட்டேனுங்களே. என்னைய என்ன பேசுனாங்க?”

“உங்களுக்கென்னுங், நீங்க ஜப்பான் போயிட்டு வந்தவீங்க” என்று சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “ஏ புள்ள, அதான் நீ இருக்கறயல்ல, உள்ள போயி ஒரு இழுப்பு இழுத்துட்டு வா” என்றார்.

என் கை தானாகச் சீமாற்றை எடுத்துவிட்டது. அத்தனை வருஷப் பழக்கம். பெரிய டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்தார். “வேண்டாம் அம்மணி. அழுக்குலயே உக்காந்து படிக்கட்டும்” என்றார். தறிக்காரர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

வெள்ளிக்கிழமை அதிகாரிகள் வந்தபோது ஏழாம் வகுப்பில் பென்சில் சீவல், காகிதம், பழத்தோல் எல்லாம் அப்படியே கிடந்தது. குப்பை என் கண்ணுக்கு நேரே கிடக்க, கையைக் கட்டிக்கொண்டு நின்றது அந்தத் தடவைதான். உடம்பெல்லாம் எரிந்தது. பெரிய அதிகாரி, “என்னங்க டீச்சர், பிள்ளைகளே கூட்டுறாங்கன்னு சொன்னீங்க?” என்றார். குழுவில் இருப்பதால் தறிக்காரரும் கூடவே நின்றார்.

“ஒரு வாரம் நடந்துச்சுங் சார். அப்பறம் ஒரு தெருப் பசங்க மட்டும் கூட்டிட்டு இருந்தாங்க. எனக்குத் தெரியலைங். இப்பத்தான் நிறுத்தியிருக்கறேன். மத்த பள்ளிக்குச் சொல்றதுன்னா இதையும் சேத்துச் சொல்லுங்.”

மேலே பிளேன் போனது. வழக்கம்போல எல்லாரும் காத்திருந்தார்கள். அது போனதும் பெரிய அதிகாரி நோட்டை மூடினார். போட்டோ எடுக்காமல் போய்விட்டார்கள்.

சனி, ஞாயிறு லீவு. திங்கள் முழுக்கவும் அப்படியே கிடந்தது. செவ்வாய்க்கிழமை காலை கேட்டைத் திறந்தேன். ஏழாம் வகுப்பு வாசலில் கோடு இருந்தது. கோணலாக, பாதி விட்டுப்போய், ஒரு இடத்தில் பள்ளம் விழுகிற மாதிரி அழுத்தி, கோழி கிளறினதுபோல. அப்படி ஒரு மோசமான கூட்டலை நான் பார்த்ததில்லை. அன்று அதை மிதிக்காமல் சுற்றிப் போனேன்.

அடுத்த ஜூனில் பெரிய டீச்சருக்கு மாற்றல் வந்தது. கொடுமுடிப் பக்கம். யாராவது எழுதிப்போட்டார்களா, தானாக வந்ததா, எனக்குத் தெரியாது. என்னால்தானோ என்ற பயம் இன்றும் உண்டு. போகிற அன்று, “காலைல மண்ணப் பாத்துக்குங் அம்மணி. அடுத்து வர்றவங்களுக்கும் கண்ணு பத்தாது” என்றார். நான் தலையை ஆட்டினேன். பஸ் வரைக்கும் அவர் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மகள் இப்போது சூலூரில் பதினொன்றாவது. புது ஹெட்மாஸ்டர் வந்து மூன்று வருஷம். பட்டியலுக்கு பிளாஸ்டிக் உறை போட்டு வாசலிலேயே மாட்டியிருக்கிறார். வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நான் தினமும் மண்ணைப் பார்க்கிறேன். இத்தனை நாள் கோணல் கோடுதான் இருந்தது. பத்து நாளாக அப்படி இல்லை. எல்லா வாசலிலும் ஒரே கோடு. குட்டையாக, இடது பக்கமிருந்து இழுத்தது. இடதுகைப் பிள்ளை. ஆறாவதில் ஒருத்திதான் இடது கையால் எழுதுகிறாள். தறி ஷெட்டில் வேலை செய்ய வடக்கேயிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை. தமிழ் இப்போதுதான் வருகிறது. நேற்று வகுப்பு நடக்கும்போதே வெளியே கூட்டிக்கொண்டிருந்தாள். யார் சொன்னது என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லையாம். “நா நல்லா கூட்டுது, சாரு சொல்லுச்சு” என்றாள். சிரித்தாள்.

வீட்டுக்காரர் பழையபடியே சும்மா இரு என்கிறார். மகள் புத்தகத்திலிருந்து தலை தூக்காமல், “அந்தப் புள்ள உன்மேல கோவிச்சுக்கும்மா. ரெண்டு நாளு பேச மாட்டா. அப்பறம் பேசுவா” என்றாள்.

நாளைக்குக் காலையில் பிள்ளைகள் வந்து மிதிப்பதற்குள் ஹெட்மாஸ்டரைக் கூப்பிட வேண்டும். சார், சித்தெ இந்த மண்ணைப் பாருங்க என்று சொல்ல வேண்டும். பேண்ட்டை இஸ்திரி போட்டு வருகிறவர். குந்தி உட்காருவாரா, தெரியாது. நின்றபடியே, சுத்தமாகத்தானே இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாலும் போவார். இதை எழுதும்போதே கால் நடுங்குகிறது. நாளைக்கும் நடுங்கும். சேலைக்குள் தெரியாது.